தேடுங்கள், தோண்டாதீர்கள்

திருகோணமலை நகரப் பாடசாலைகளின் சாரணர், சாரணியர், சுற்றாடல் முன்னோடிகளுக்கும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும்,



வரும் ஓகஸ்ட் லீவுக்குப் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நீங்கள் பேசிக்கொள்வதும், அந்தப் பேச்சில் ‘லெட்டர் பொக்ஸிங்’ என்ற பெயர் அடிபடுவதும் என் காதுக்கு எட்டின. குறிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பூங்கா வழியிலோ காட்டு வழியிலோ நடக்க வேண்டும். ஒளித்து வைத்திருக்கும் சிறு பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் றப்பர் முத்திரையை உங்கள் கொப்பியில் குத்திக்கொண்டு, உங்கள் முத்திரையை அங்குள்ள கொப்பியில் குத்திவிட்டு, பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு இல்லை, போட்டி இல்லை, எடுத்துப்போக ஒரு பொருளும் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. இந்த ஊருக்கு இது வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் வெளிநாட்டில் நடப்பதை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது. எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் இது பிறந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் டார்ட்மோர் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. பாறையும் சதுப்பும் மூடுபனியுமான வெட்டவெளி அது. அதன் ஓரத்தில் சாக்ஃபர்ட் என்ற கிராமம். அங்கே ஜேம்ஸ் பெரட் என்றொரு வழிகாட்டி இருந்தார். லேசில் போய்ச்சேர முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில் 1854இல் அவர் ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அச்சடித்த அட்டையை அதற்குள் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிற்பாடு போத்தல் தகரப் பெட்டியானது. 1905இல் வருகையாளர் கொப்பி ஒன்றும் வைத்தார்கள். சிலர் தம் வீட்டு முகவரி எழுதிய தபாலட்டையை உள்ளே விட்டுவிட்டு வருவார்கள். அடுத்து வருகிற முன்பின் அறியாத ஒருவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். அட்டை எப்போது வீடு வந்து சேரும் என்று காத்திருப்பதில் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டாவது பெட்டி 1894இல்தான் வந்தது. நாற்பது ஆண்டுகள் அந்த முழு மேட்டுநிலத்துக்கும் ஒரேயொரு பெட்டி! 1970களுக்குப் பிறகுதான் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகியது. 1998இல் ஸ்மித்சோனியன் சஞ்சிகை வெளியிட்ட ஒரு கட்டுரையால் இந்த விளையாட்டு அமெரிக்காவுக்கும் பரவிற்று. 2000ஆம் ஆண்டு மே மாதம், செய்மதி வழிகாட்டிக் கருவிகளின் துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்த கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு நீக்கியதும், மறுநாளே ஒறிகன் மாநிலத்தில் ஒருவர் வாளியொன்றைப் புதைத்து அதன் ஆள்கூறுகளை அறிவித்தார். அது ஜியோகேஷிங் என்ற தனி விளையாட்டாக வளர்ந்தது. கைபேசியில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே போவது அந்த வகை. நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் பழைய வகையிலேயே நில்லுங்கள் என்பது என் வேண்டுகோள். வார்த்தையால் எழுதிய குறிப்பு கண்ணை நிமிர்த்தி ஊரைப் பார்க்க வைக்கும். புள்ளி காட்டும் திரை கண்ணைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

பிள்ளைகளே, உங்கள் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். வீதியோரம் ஒரு பை கிடந்தால், பற்றைக்குள் ஒரு டப்பா தெரிந்தால், குனிந்து பார்க்காமல் விலகிப் போவதுதான் அவர்கள் கற்ற பாடம். பாடசாலைச் சுவர்களில் மண்டையோட்டுப் படத்தோடு ஒட்டிய கண்ணிவெடி எச்சரிக்கைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அற்ற மாவட்டம் என்று இந்நாட்டில் முதலில் அறிவிக்கப்பட்டது நம் பக்கத்து மட்டக்களப்பு. அந்த அறிவிப்பு வர 2017 ஆகிவிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள், 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுத் தாக்குதல்கள் உங்களுக்கே நினைவிருக்கும். அன்றிலிருந்து முதுகுப் பை சுமந்தவரைக்கூட ஊர் மறுபடி சந்தேகமாகப் பார்த்தது. தெரியாத பெட்டியைத் தொடாதே என்ற பாடம் இங்கே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதை ஒரு விளையாட்டுக்காக உங்கள் தம்பி தங்கைகளின் மனதிலிருந்து அழிக்க எவருக்கும் உரிமை இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பயம் என்றும் எண்ண வேண்டாம். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் தெருவோரம் ஒளித்து வைத்திருந்த ஜியோகேஷிங் பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்துத் தெருவையே மூடி, படையினர் வந்து அதை வெடிக்க வைத்தார்கள். அமைதியான ஒரு சிறு நகரத்துக்கே அந்த நிலை. பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவமும் டொக்யார்ட் பக்கம் கடற்படையும் இருக்கிற ஊரில், ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை மதிலடியில் குந்தியிருந்து டப்பா ஒன்றைக் கல்லுக்குள் செருகினால் என்ன ஆகும்? நான் விளக்கத் தேவையில்லை.

காடும் அப்படித்தான். இம்மாவட்டத்துக் காட்டோரங்களில் யானை நடமாட்டம் உண்டு. பிள்ளைகள் தனியே பற்றை விலக்கித் தேடும் இடம் அது இல்லை. புறாமலைத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே பவளப் பாறைக்கும் புறாக்களுக்கும் இருக்கிற நெருக்கடி போதும். கொண்டுபோகும் சாமான் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாத இடம். கோட்டைக்குள் இருக்கிற மான்கள் பொலித்தீனை மேய்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே பிளாஸ்டிக் பெட்டியும் உறையும் ஒளித்து வைப்பது அந்த மான்களின் வயிற்றுக்குள் வைப்பதுதான். மாரிக்காலத்தில் மூடி கழன்ற பெட்டி ஒன்று கிடந்தால் அதில் நீர் தேங்கும், டெங்கு நுளம்பு முட்டையிடும். போதாததற்கு, தொல்லியல் இடங்களில் கல்லை நகர்த்துவதோ மண்ணைக் கிளறுவதோ 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். டார்ட்மோரில்கூட இதே கட்டுப்பாட்டைப் பிறகு கொண்டுவந்தார்கள்: பழைய கல்வரிசைகளிலும் கற்குவைகளிலும் பெட்டி வைக்கக்கூடாது, சீமெந்து பூசக்கூடாது என்று. ஆர்வம் மிகுந்தவர்கள் கல்லைப் புரட்டிப் புரட்டி நிலத்தைக் கெடுத்த பிறகு வந்த புத்தி அது. நமக்கு அது முதலிலேயே வரட்டும்.

அப்படியானால் கைவிட்டுவிடலாமா? வேண்டாம். பெட்டியை மட்டும் ஒளிக்காதீர்கள். குறிப்பை ஒளியுங்கள், வழியைப் புதிராக்குங்கள், பெட்டியை ஒரு மனிதரிடம் கொடுத்து வையுங்கள்.

நான் நினைப்பது இப்படி. குறிப்பைப் படித்துக்கொண்டு பிள்ளைகள் நடப்பார்கள். வழியில் ஒரு கல்வெட்டு, ஒரு தூண், ஒரு கட்டடத்தின் ஆண்டு, ஒரு மரம். ஒவ்வொன்றிலும் ஒரு விடை கிடைக்கும். விடைகளைச் சேர்த்தால் ஓர் இடம் தெரியவரும்: பொது நூலகத்தின் மேசையோ, ஒரு புத்தகக் கடையோ, ஒரு தேத்தண்ணிக் கடையோ, சைக்கிள் திருத்தும் கடையோ. அங்கே போய்ச் சரியான விடைச் சொல்லைச் சொன்னால் கடைக்காரர் மேசைக்கடியிலிருந்து பெட்டியை எடுத்துத் தருவார். முத்திரை குத்தலாம், கொப்பியில் பெயர் எழுதலாம். பெட்டி மழையில் நனையாது, குரங்கு தூக்கிப்போகாது, பொலிஸ் தேடி வராது. இன்னொரு நன்மையும் உண்டு. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிள்ளைக்கு அந்தக் கடைக்கார ஐயாவோடு நாலு வார்த்தை கதைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. இந்தக் கடற்கரையில் அரை நூற்றாண்டு கடை வைத்திருந்தவருக்குத் தெரிந்தது எந்தப் பலகையிலும் எழுதியில்லை.

முத்திரையை வெளிப்படையாக வைப்பது புதுமையும் இல்லை. ஜப்பானில் 1931இல் புக்குயி ரயில் நிலையத்தில் தொடங்கிய வழக்கம் இன்றும் நடக்கிறது. நிலையத்து மேசையில் முத்திரையும் மையும் இருக்கும். அந்த ஊரின் மலையோ கோட்டையோ அதில் செதுக்கியிருக்கும். பயணிகள் கொப்பி கொண்டுவந்து குத்திக்கொண்டு போவார்கள். எவரும் எதையும் ஒளிக்கவில்லை. அங்கே போய்ச் சேர்வதில்தான் மகிழ்ச்சி.

தேடுவதற்கு நம் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்களானால், இங்கே ஒளிந்து கிடப்பவை நீங்கள் ஒளிக்க நினைப்பதை விட எத்தனையோ மடங்கு. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலை நாள்தோறும் எத்தனையோ பேர் கடந்து போகிறார்கள். வாசற் கல்லில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்தும் இருப்பதை நின்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்? மீன் சின்னம் யாருடையது என்று ஒரு குறிப்பு கேட்கட்டும். பிள்ளை பாண்டியர் வரை போய்வரும். 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய வெண்கலத் திருவுருவங்கள் வெளிவந்தன. இடிபடும் கோயிலிலிருந்து யாரோ காப்பாற்றிப் புதைத்து வைத்தவை என்று ஊர் நம்புகிறது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களையும் கட்டடக் கற்களையும் பார்த்தார்கள்; அடுத்த ஆண்டு கிளார்க் அதைப் புத்தகமாகவும் எழுதினார். மலை உச்சியிலிருந்து எட்டிப் பார்க்கிற பிள்ளை, தான் பார்க்கும் நீலத்துக்குக் கீழே கோயில் கிடக்கிறது என்பதை அறிந்து பார்ப்பது வேறு, அறியாமல் பார்ப்பது வேறு.

அதே சுவாமிமலையில் ஒரு பழைய தூணில் டச்சு மொழியில் ஒரு பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் வெட்டியிருக்கின்றன. பிரான்சினா வான் ரீட். காதலன் கப்பலேறிப் போனதும் இந்தப் பாறையிலிருந்து பாய்ந்து உயிர்விட்டாள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. டச்சு ஆவணங்களின்படி அதற்குப் பிறகும் அந்தப் பெண் உயிரோடு இருந்து, மணமும் செய்துகொண்டிருக்கிறார். கதை எதற்காக முளைத்தது என்று தேடுவது பதினைந்து வயதுக்கு எவ்வளவு நல்ல வேலை!

மூதூரில் இதைவிட அருமையான ஒன்று இருக்கிறது. ஆன் என்ற கப்பல் புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவுக்கு வந்து ஒதுங்கியது. 1660இல் அதன் தலைவரையும் ஆட்கள் சிலரையும் கண்டி அரசன் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். தலைவர் றொபேர்ட் நொக்ஸ் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துவிட்டார். அதே பெயர் கொண்ட மகன்தான் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து, 1679இல் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டையில் டச்சுக்காரரிடம் போய்ச்சேர்ந்து, 1681இல் இலங்கையைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டவர். வெள்ளைக்காரன் மரம் என்று அழைத்த புளியமரம் நின்ற இடத்தில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். அந்தக் கல்லை நன்றாகப் படியுங்கள். கப்பல் தலைவர் நொக்ஸ் பிடிபட்டார், நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தார் என்று அது சொல்கிறது. தகப்பனையும் மகனையும் ஒரே ஆளாக்கி விட்டது! இதற்கு நான் எழுதிப் பார்த்த குறிப்பு இது:

“மரம் முறிந்து வந்தவனை மரத்தடியில் பிடித்தார்கள். கல் ஒருவனைச் சொல்கிறது. கதையில் இருவர் இருக்கிறார்கள். கல் சொல்லும் சிறையாண்டுகளோடு, கல் நாட்டிய ஆண்டின் கடைசி இலக்கத்தைக் கூட்டு. இறந்தவன் யார், எழுதியவன் யார் என்பதையும் சொன்னால் பெட்டி திறக்கும்.”

கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது, புத்தகத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். நல்ல குறிப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரவில் நொடி போட்டு விளையாடியவர்கள். பொருளை நேரே சொல்லாமல், ஆனால் பொய்யும் சொல்லாமல், கேட்பவனைச் சுற்றிக் கொண்டுவந்து விடையில் நிறுத்தும் கலை அவர்களிடம் இருக்கிறது. குறிப்பு எழுத உட்காரும்போது அப்பம்மாவையோ அம்மம்மாவையோ பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள்ளேயே நடக்கும் வழிகளும் உண்டு. எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டத்தில் கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் கிடக்கிறார். 1852இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியில் இறந்தவர். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. ஆங்கில இலக்கியம் படிக்கிற உயர்தர மாணவர்கள் எத்தனை பேர் அந்தக் கல்லைத் தேடிப் போயிருக்கிறார்கள்? உட்துறைமுக வீதியில் டச்சுக்காரர் காலத்துக் கட்டடத்தில் கடற்படை அருங்காட்சியகம் இருக்கிறது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. அந்தப் போரில் இறந்த பலர் நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்கள். கல்லறைகளை வழியின் இறுதி இடமாக்க வேண்டாம். ஒரு பெயரைப் படித்துவிட்டு மரியாதையோடு கடந்துபோகும் இடமாக மட்டும் இருக்கட்டும்.

கன்னியா வெந்நீரூற்றை நான் விட்டுவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். ஏழு கிணறும் ஏழு விதச் சூடும் குறிப்பு எழுதுகிறவர் கையைத் துறுதுறுக்க வைக்கும். ஆனால் அது வழக்கிலும் மனவருத்தத்திலும் இருக்கிற இடம். எந்தக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் பெட்டிக்கான இடமாக வேண்டாம். வணங்க வருகிறவர் நடுவில் விளையாட்டு வேண்டாம் என்பது ஒன்று. எந்தச் சமூகத்துப் பிள்ளையும் தயங்காமல் போகக்கூடியதாக ஒவ்வொரு வழியும் இருக்க வேண்டும் என்பது மற்றது. குறிப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம்; சிங்களப் பிள்ளைகளே தங்கள் குறிப்பைத் தங்கள் சொல்லில் எழுதட்டும். பெட்டி காப்பவர்களில் கிண்ணியாக்காரரும் இருக்கட்டும், உப்புவெளிக்காரரும் இருக்கட்டும், அபயபுரக்காரரும் இருக்கட்டும்.

செலவு பெரிதாக இல்லை. முத்திரைக்குக் கடையில் காசு கொடுக்காதீர்கள். அழிறப்பரில் நீங்களே செதுக்குங்கள். எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கத்தி பிடிக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முத்திரை: மானோ, கணவாயோ, தோணியோ, தன் பெயரின் முதலெழுத்தோ. பெட்டிக்குப் பழைய சாப்பாட்டுப் பெட்டி போதும். கொப்பி கோடில்லாத தாளாக இருந்தால் நல்லது. நடப்பதற்குக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலை நேரமே ஏற்றது. பதினொரு மணிக்கு மேல் அந்த வெயிலில் பிள்ளைகளை நடத்தாதீர்கள். மூன்று நான்கு பேராகப் போங்கள். தனியே வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இதை மாகாண மட்டப் போட்டியாக்கி, வெற்றிக் கிண்ணமும் சான்றிதழும் வைத்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். டார்ட்மோரில் நூறு முத்திரை சேர்த்தவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதுகூட வேகத்துக்காக இல்லை. புள்ளி கொடுக்கத் தொடங்கினால் பிள்ளைகள் விடையை ஒருவருக்கொருவர் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்கள். முதலாவது வழியைத் தொடங்குமுன் பொலிஸ் நிலையத்துக்கும் தொல்பொருள் திணைக்கள அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்: பெட்டி எதையும் வெளியில் வைக்கமாட்டோம், இன்ன வழியில் பிள்ளைகள் நடப்பார்கள் என்று. கோட்டைக்குள் போவதானால் அங்குள்ளவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிறையத் தொடங்க வேண்டாம். இந்த லீவுக்கு ஒரே ஒரு வழி போதும். டச்சு விரிகுடாக் கரையிலிருந்து கோட்டை வாசல் வழியாகச் சுவாமிமலை வரை ஏறி, திரும்பி நகருக்குள் வந்து முடியட்டும். பெட்டி காக்க மனமுள்ள கடைக்காரர்கள், நூலகர்கள், ஓய்வுபெற்றவர்கள் யாராவது இந்த மடலைப் படித்தால், உங்களுக்கு அருகிலுள்ள பாடசாலையின் சாரணப் பொறுப்பாசிரியரிடம் போய், ஒரு பெட்டியை என்னிடம் தாருங்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
திருகோணமலை நகரவாசி ஒருவர்